சிறு மந்தையின் வரலாறு: நல்லூரிலிருந்து சுண்டுக்குளி வரை

பழைய மாணவிகள் எங்கே கூடினாலும், அது கொழும்பாகட்டும், லண்டன், ரொறன்ரோ, சிட்னி எதுவாகட்டும், பாடசாலையைப் பற்றிய விசாரிப்புகள் முடிந்ததும் ஒரு கேள்வி வரும்: "சேர்ச்சுக்கு இப்ப ஆக்கள் வருகினமோ?" கேட்பவர் ஒழுங்காக ஆராதனைக்குப் போகிறவராக இருக்கவேண்டும் என்பதில்லை. சைவ வீட்டிலிருந்து வந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் காலைச் செபத்தில் எம்மோடு நின்றவர்களும் அதே அக்கறையுடன் கேட்கிறார்கள்.

தொகை ஒன்றைச் சொல்லி இதற்குப் பதிலளித்துவிடலாம். ஆனால் எமது பாடசாலையைத் தோற்றுவித்த திருச்சபை யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்தக் காலத்திலும் பெருந்தொகையினரின் சபையாக இருந்ததில்லை. சிறியதாகத் தொடங்கிச் சிறியதாகவே வளர்ந்தது. அதன் பலம் வேறோர் இடத்தில் இருந்தது. அது எங்கே இருந்தது, எப்போது குன்றியது, இன்று அதில் எது மீந்திருக்கிறது என்பவற்றைச் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவில் எண்ணிப் பார்ப்பது பொருத்தம் என்று கருதுகிறோம்.

நல்லூரில் தொடக்கம்

1799ஆம் ஆண்டு லண்டனில், இங்கிலாந்துத் திருச்சபையின் சுவிசேஷப் பிரிவினர் கூடிச் சேர்ச் மிஷனரி சங்கத்தை அமைத்தனர். அடிமை வாணிபத்துக்கு எதிராகப் பாடுபட்ட வட்டாரமும் அதுவே. இவர்கள் பேராயரையும் பொதுச் செபநூலையும் ஏற்றுக்கொண்டவர்கள். ஆயினும் மூன்று விடயங்களைச் சிறப்பாக வற்புறுத்தினார்கள். ஒவ்வொருவரும் வேதாகமத்தைத் தம் தாய்மொழியில் தாமே வாசிக்கவேண்டும். விசுவாசம் பெற்றோர் விட்டுச்சென்ற முதுசமாக நின்றுவிடாமல், அவரவர் எடுக்கும் முடிவாக இருக்கவேண்டும். சபையின் வேலையில் குருமாருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பொதுநிலையினருக்கும் அவ்வளவு பங்கு உண்டு. பின்னால் நடந்த நன்மைகள் பலவும், சச்சரவுகள் சிலவும், இந்த மூன்றிலிருந்தே பிறந்தன.

1818ஆம் ஆண்டு அச்சங்கத்தின் முதல் மிஷனரிமார் நால்வர் இலங்கைக்கு வந்தனர். அவர்களுள் யோசேப்பு நைற் யாழ்ப்பாணத்துக்கு வந்து நல்லூரில் தங்கினார். வெஸ்லியன் மிஷனார் 1814இலும் அமெரிக்கன் மிஷனார் 1816இலும் அவருக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். குடாநாட்டின் பெரும்பகுதி அவர்கள் இருசாராரின் கையில் இருந்தது. சேர்ச் மிஷனுக்கு வாய்த்தது நல்லூர், கோப்பாய், சுண்டுக்குளி என்ற சிறு வட்டம்.

அந்த வட்டத்தின் நடுவே இருந்த நல்லூர் எவருக்கும் வெறும் நிலமல்ல. பரிசுத்த யாக்கோபு ஆலயம் நிற்கும் இடத்திலேதான், போர்த்துக்கேயர் இடித்த பழைய கந்தசுவாமி கோயில் இருந்தது என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அந்தக் கோயிலை இடித்தவர்கள் எமது சபையினர் அல்லர். ஆனாலும் இன்னொருவருடைய நினைவின் மேல் நின்றுதான் எமது சபை முதற்செபத்தைச் சொன்னது. இதை மறவாதிருப்பது கிறிஸ்தவருக்கு அடக்கத்தைத் தரும்.

நைற் நல்லூரில் செய்த வேலைகளுள் காலத்தால் அழியாதது பிரசங்கமல்ல, சொற்சேகரிப்பு. தமிழ்ப் பண்டிதர்களைத் துணைகொண்டு அகராதிக்கெனச் சொற்களைத் திரட்டினார். 1840இல் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை. அந்தச் சேகரிப்பையும் அடிப்படையாகக் கொண்டே மிரன் வின்சிலோவின் தமிழ் ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தது. இன்று உலகமெங்கும் தமிழ் படிப்போர் புரட்டும் அந்தப் பெருநூலின் அடியில் நல்லூர் மண் கொஞ்சம் ஒட்டிக்கிடக்கிறது.

1823இல் நைற் நல்லூரில் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை, 1840களில் சுண்டுக்குளிக்கு மாறி, 1891இல் பரி. யோவான் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. கோப்பாயில் ஆசிரியரையும் உபதேசியாரையும் பயிற்றினார்கள். இக்காலத்திலேதான் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீற்றர் பேர்சிவல், ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழாக்கினார். அது 1850இல் அச்சேறியது. வேதாகமத்தின் தமிழைச் செப்பனிட உதவிய நாவலரே சைவ மறுமலர்ச்சிக்குத் தலைமை தாங்கி, மிஷன் பாடசாலைகளுக்கு மாற்றாகச் சைவப் பாடசாலைகளை நிறுவினார். வாசிக்கக் கற்றவர் தாமே சிந்தித்து முடிவெடுக்கவேண்டும் என்று மிஷனார் போதித்தார்கள். அப்படிச் சிந்தித்தவர்கள் எல்லாரும் மிஷனார் விரும்பிய முடிவையே எடுத்தார்கள் என்று சொல்லமுடியாது. யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றின் பாதி இதற்குள் அடங்கும்.

ஒன்பது பிள்ளைகள்

பெண் கல்வியில் சேர்ச் மிஷன் முந்திக்கொண்டது என்று நாம் பெருமை பேச இடமில்லை. அமெரிக்கன் மிஷனார் 1824இலேயே உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிவிட்டனர். சேர்ச் மிஷனார் நல்லூரில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை வைத்தது அதற்குப் பிந்தியே. அவற்றின் நோக்கத்தையும் மறைக்கவேண்டியதில்லை. உபதேசியாருக்கும் ஆசிரியருக்கும் ஏற்ற கிறிஸ்தவ மனைவிமார் வேண்டும் என்பதே பெரிதும் நோக்கம். தையலும் சமையலும் வேதபாடமும் அதற்காகவே கற்பிக்கப்பட்டன. ஆனால் எழுத்துக்கு ஒரு குணம் உண்டு. கற்பித்தவர் போட்ட வேலிக்குள் அது நிற்காது. வேதாகமத்தை வாசிக்கக் கற்ற பெண், காணி உறுதியையும் வாசித்தாள். மருந்துச் சீட்டையும் வாசித்தாள். பிறகு தன் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களையும் வாசித்தாள்.

1896ஆம் ஆண்டு தை மாதம் 14ஆம் திகதி, மிஸ் மேரி காட்டர் ஒன்பது பிள்ளைகளுடன் சுண்டுக்குளியில் எமது பாடசாலையைத் தொடங்கினார். ஒன்பது என்ற அந்த எண்ணை எமது ஆண்டறிக்கைகளிலும் பரிசளிப்பு விழாப் பேச்சுகளிலும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். "அன்று ஒன்பது, இன்று எத்தனை!" என்று வியப்பதற்காகவே அதைச் சொல்வது வழக்கம். அதற்கு வேறொரு பொருளும் உண்டு. ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை போதும் என்று எண்ணிய ஒரு திருச்சபை அன்று இருந்தது. தொகை சேரட்டும், பிறகு பார்ப்போம் என்று அது காத்திருக்கவில்லை.

விரைவில் சைவக் குடும்பத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். பெற்றோர் ஆங்கிலக் கல்வியை விரும்பினார்கள், மதமாற்றத்துக்கு அஞ்சினார்கள். இரண்டும் நியாயமே. 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கென ஒரு கல்லூரியை நிறுவியது இந்த அச்சத்துக்கும் விருப்பத்துக்கும் கிடைத்த விடையாகும். அதனால் எமக்கு இழப்பு ஏதும் ஏற்படவில்லை. குடாநாட்டில் படித்த பெண்களின் தொகை இரு வழியாலும் பெருகிற்று. எமது வகுப்பறைகளிலும் சைவப் பிள்ளைகள் தொடர்ந்து இருந்தார்கள். ஒரே வாங்கில் இருந்து, ஒருத்தி கிறிஸ்தவ சமயமும் மற்றவள் சைவ சமயமும் படித்து, இருவரும் ஒரே கல்லூரிக் கீதத்தைப் பாடிய பாடசாலை இது. மேடையில் ஏறிச் சொன்ன எந்தப் போதனையிலும் பார்க்க அந்த வாங்கு எமக்கு அதிகம் கற்பித்தது.

யார் சொல்வது சட்டம்?

இன்று உலக ஆங்கிலிக்கன் சபைகளுக்குள் நடக்கும் பிணக்குகளைக் கேட்டுக் கலங்குவோர், இலங்கையில் 1876இல் நடந்ததை அறிந்திருப்பது நல்லது. அப்போது கொழும்பின் பேராயராக இருந்தவர் றெஜினோல்ட் கோப்பிள்ஸ்டன். வயது முப்பதைத் தாண்டியவுடனே பதவிக்கு வந்தவர். மலையகத் தோட்டங்களில் சேர்ச் மிஷனார் நடத்திய தமிழ்க் கூலி மிஷனை யார் மேற்பார்வை செய்வது, உபதேசியாரை நியமிப்பவர் பேராயரா மிஷனரி சங்கமா என்ற கேள்வி எழுந்தது. வழிபாட்டு முறைகள் பற்றிய மனக்கசப்பும் அதனோடு சேர்ந்துகொண்டது. பேராயர் சேர்ச் மிஷன் குருமாரின் அனுமதிப் பத்திரங்களை மீளப் பெற்றார். விவகாரம் கடல் கடந்து இங்கிலாந்துக்குப் போயிற்று. அங்குள்ள முதன்மையான பேராயர்கள் ஐவர் தம் அபிப்பிராயத்தை அளித்த பின், 1880இல் ஓர் இணக்கம் ஏற்பட்டது. ஒருவரை ஒருவர் விரும்பிக்கொண்டார்கள் என்பதற்கில்லை. ஒரே சபையில் இருந்துகொண்டே வேலை செய்யலாம் என்று ஒத்துக்கொண்டார்கள்.

இந்தச் சண்டையில் ஒரு பக்கம் பேராயரின் ஒழுங்கும், மறுபக்கம் பொதுநிலையினரின் குரலும் பேசின. இரண்டும் சபைக்கு வேண்டியவை. ஆனால் நால்வருடம் நீண்ட அந்த விவாதத்தில் பெண்களிடம் எவரும் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அதே 1876இல்தான் இங்கிலாந்தில் மேரி சம்னர் என்ற குருவானவர் மனைவி, தம் ஊர்த் தாய்மாரைக் கூட்டித் தாய்மார் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் எமது ஆலயங்களிலும் அது வேரூன்றியது. மேலே அதிகாரம் பற்றி வாதாடிக்கொண்டிருக்க, கீழே பெண்கள் கூடிச் செபித்து, நோயாளர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டுபோனார்கள். எமது சபையின் நாளாந்த வாழ்வு பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

அடுத்து வந்த மாற்றம் பணம் பற்றியது. 1881இல் செய்யப்பட்ட சட்டத்தின்படி, ஆங்கிலிக்கன் குருமாருக்கு அரசு கொடுத்துவந்த உதவிப்பணத்தை நிறுத்தும் ஏற்பாடு வந்தது. அரசின் ஆதரவில் நின்ற சபை, தன் மக்களின் கொடையில் நிற்கவேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகளில் இதற்கு ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. உலைக்கு அரிசி இடும்போது ஒரு பிடியை எடுத்து வேறொரு சட்டியில் போட்டுவைப்பார்கள். அதுவே பிடியரிசி. மாதமுடிவில் அது ஆலயத்துக்குப் போகும். தென்னையின் முதற்குலை, கோழி இட்ட முதல் முட்டை, தோட்டத்து முதல் விளைவு எல்லாம் காணிக்கையாகும். பணப்பெட்டியின் திறப்பு ஆண்களின் மடியில் இருந்தது. அரிசிச் சட்டி மட்டும் பெண்களின் கையில் இருந்தது. சபை தன் காலில் நிற்கப் பழகியதில் அந்தச் சட்டிக்குப் பெரும் பங்குண்டு.

குறையையும் சொல்லவேண்டும். எல்லாரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று போதித்த சபைகள், சாதி விடயத்தில் பல தலைமுறைகள் தடுமாறின. ஆலயத்தில் இருக்கும் இடத்திலும், பாடசாலை வாங்கிலும், கல்யாணப் பேச்சிலும் அது வெளிப்பட்டது. சம ஆசனம் வேண்டும் என்ற போராட்டம் யாழ்ப்பாணத்தில் எழுந்தபோது, அதை எதிர்த்தவர்களுள் கிறிஸ்தவரும் இருந்தார்கள்; ஆதரித்தவர்களுள்ளும் கிறிஸ்தவர் இருந்தார்கள். வாசிக்கக் கற்பித்த சபை, வாசித்தபடி நடக்கத் தயங்கிய இடம் இது. வெளியிலிருந்து வந்த எந்த இடரிலும் பார்க்க இந்தத் தயக்கமே எம்மை உள்ளிருந்து பலவீனப்படுத்தியது என்று சொல்லலாம்.

எம்மவர் கைக்கு வந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொறுப்புகள் மிஷனரிமாரிடமிருந்து எம்மவர் கைக்கு மாறின. 1939இல் அருட்திரு சேவக் செல்வரத்தினம் மருதனார்மடத்தில் கிறிஸ்து சேவா ஆச்சிரமத்தைத் தொடங்கினார். ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவர், இந்த மண்ணின் துறவு வாழ்வை ஏற்று, நிலத்தில் பாய் விரித்து இருந்து செபிக்க முடியும் என்பதை அது காட்டியது.

எமது பாடசாலையில் டாக்டர் மிஸ் ஈ. எம். தில்லையம்பலம் அதிபரானார். அப்பதவிக்கு வந்த முதல் இலங்கையர் அவரே. அவர் விலங்கியல் அறிஞர். இலக்னோவில் கற்பித்த காலத்தில், இந்தியக் கடல்களில் வாழும் சிறுசுறா இனமான ஸ்கோலியோடொன் பற்றி அவர் எழுதிய நூல் 1928இல் வெளிவந்து, இந்திய உபகண்டமெங்கும் பல தலைமுறை மாணவர் சுறாவை வெட்டிப் படிப்பதற்கு வழிகாட்டியாயிற்று. எம்மில் வைத்தியத்துறைக்குப் போனவர்களுக்கு இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தரும். நல்ல மனைவிமாரை உருவாக்கவென்று தொடங்கிய பெண் கல்வி, ஐம்பது ஆண்டுக்குள் ஒரு பெண் விஞ்ஞானியைத் தலைமை ஆசனத்தில் கண்டது.

பிறகு 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வந்தன. அரசின் நன்கொடை பெற்ற பாடசாலைகள் அரசின் கீழ் வந்தன. விரும்பினால் தனியாக நிற்கலாம். ஆனால் நன்கொடை கிடையாது, கட்டணமும் அறவிட முடியாது. சுண்டுக்குளியும் பரி. யோவானும் தனித்து நிற்பதைத் தெரிந்துகொண்டன. அந்தத் தெரிவின் பாரத்தை இன்று எண்ணிப் பார்த்தாலும் மலைப்பாக இருக்கிறது. ஆசிரியருக்குச் சம்பளம், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு, ஆய்வுகூடத்துக்கு அமிலம், எல்லாவற்றுக்கும் பெற்றோரையும் நலன்விரும்பிகளையும் பழைய மாணவிகளையுமே நம்பவேண்டியிருந்தது. தேநீர் விருந்துக்கும் கடந்தகால நினைவுக்கும் கூடும் சங்கமாக மட்டும் இனி இருக்க முடியாது என்ற நிலை வந்தது. அன்றைய பிடியரிசியை நாம் வேறு வடிவில் தொடர்ந்தோம்.

அதே காலத்தில் இன்னொரு நம்பிக்கை தோன்றி மறைந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அமெரிக்கன் மிஷன் வழிவந்த சபைகள் அதன் யாழ்ப்பாண ஆதீனமாயின, பேராயர் எஸ். குலேந்திரன் அதற்குத் தலைமை தாங்கினார். இலங்கையில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளும் பிறவும் அதனோடு சேர்ந்து ஒரே திருச்சபையாகும் திட்டம் பல ஆண்டுகளாக வகுக்கப்பட்டு, 1970களின் தொடக்கத்தில் நிறைவேறும் கட்டத்துக்கு வந்து, நீதிமன்ற வழக்கினால் நின்றுபோயிற்று. அதனால் இன்றும் குடாநாட்டில், நடந்துபோகும் தூரத்துக்குள், சிறு சிறு கூட்டத்தோடு தனித்தனியே மணியடிக்கும் ஆலயங்கள் உள்ளன.

இடம்பெயர்ந்த சபை

1983 ஆடிக் கலவரத்தின் பின், குருநாகல் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க தம் ஆதீனத்துக்கு ஆற்றிய உரையில், தமிழருக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்காகச் சிங்களவர் வெட்கப்படவும் மன்னிப்புக் கேட்கவும் வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறினார். அவ்வாண்டு ஐப்பசியிலேயே அவர் காலமானார். ஒரு திருச்சபைக்குள் இரு மொழியினரும் இருப்பதன் பயன் என்ன என்று கேட்போருக்கு அந்த உரை ஒரு விடை. அந்தக் குரல் எவ்வளவு அரிதாக ஒலித்தது என்பதும் நினைவிலிருக்க வேண்டியதே. யாழ்ப்பாணத்திலும் மனச்சாட்சியோடு வாழ்ந்தோர் விலை கொடுத்தார்கள். 1985இல் பரி. யோவான் கல்லூரி அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் சுட்டுக்கொல்லப்பட்டார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. எம்மில் பலர் அப்போது மாணவிகள். மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த அந்த இரவைப் பற்றி இங்கு விரிக்கவேண்டியதில்லை. வாசிக்கும் எத்தனையோ பேர் அதில் நடந்தவர்கள். ஒன்றை மட்டும் குறிப்பிடுவோம். எமது பாடசாலையின் நூறாவது பிறந்தநாள் 1996 தை 14ஆம் திகதி. அன்று ஊரும் பாடசாலையும் இடம்பெயர்ந்திருந்தன. ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கிய பாடசாலையின் நூற்றாண்டு, சொந்தக் கூரையின் கீழ் இல்லாமலே கடந்துபோயிற்று. ஆனாலும் பாடசாலை என்பது கட்டடமன்று என்பதை அந்தத் தை மாதத்தில் நாம் கற்றோம். சபை என்பதும் அப்படியே. புத்தகமும், செபமும், சொல்லித்தர ஒருவரும் இருந்தால் அது எங்கும் நடக்கும்.

இன்றைய கவலைகள், இன்றைய ஆறுதல்

இப்போது முதற்கேள்விக்கு வருவோம். ஆட்கள் வருகிறார்கள், முன்னையிலும் குறைவாக. இளையோர் வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ போய்விட, முன்வாங்குகளில் முதியோர் இருக்கிறார்கள். எம்மில் வைத்தியராக இருப்போர் இந்த மாற்றத்தைச் சேர்ச்சிலும் முன்னதாக வார்ட்டில் காண்கிறோம். பிள்ளைகள் நான்கு தேசங்களில்; தாய் தனியே; கைத்தொலைபேசியில் முகம் தெரிகிறது, நீரிழிவு மாத்திரையை எடுத்துக் கொடுக்க ஒரு கை இல்லை. சபையின் வீடு சந்திப்பு என்று முன்னர் சொன்னோமே, அதற்கான தேவை இன்றுதான் மிக அதிகம்.

இளையோர் சிலர் புதிய சுயாதீன சபைகளுக்குப் போகிறார்கள். பாட்டும் உற்சாகமும் அங்கே இருக்கின்றன என்கிறார்கள். கோபிப்பதில் பயனில்லை. தானே வாசித்துத் தானே முடிவெடு என்று கற்பித்த மரபு எமது மரபு. அந்தப் பிள்ளைகள் அதைத்தான் செய்கிறார்கள். நாம் கேட்கவேண்டிய கேள்வி, எமது ஆராதனையில் அவர்கள் வாசிக்கவும் பேசவும் நாம் இடம் கொடுத்தோமா என்பதே. மறுபுறம், சில குழுக்களின் ஆரவாரமான மதப்பிரசாரத்தால் சைவ அயலவருக்கு ஏற்படும் மனத்தாங்கலில் எமக்கும் பங்கு வந்துசேர்கிறது. ஒரே வாங்கில் வளர்ந்த நாம், நற்செய்தியை அறிவிப்பதும் அயலாரை மதிப்பதும் ஒருமித்து நடக்கக்கூடியவை என்பதற்குச் சாட்சியாக இருக்கலாம்.

உலக அளவிலும் சுவிசேஷ மரபினர் கலங்கியிருக்கிறார்கள். விவாகம், ஒருபாலுறவு, பெண் குருத்துவம் ஆகியவை பற்றிய கருத்து வேறுபாடுகளால், 2008இல் எருசலேமில் கூடிய பழைமைபேண் ஆங்கிலிக்கன்கள் கஃப்கொன் என்ற இயக்கத்தை அமைத்தனர். 2023இல் இங்கிலாந்துத் திருச்சபை ஒரே பால் இணையருக்கான ஆசீர்வாதச் செபங்களை அனுமதித்ததன் பின் பிளவு ஆழமாயிற்று. பழைய மாணவிகளாகிய நாமும் இவற்றில் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். ஆனால் 1876ஐ அறிந்தவர்கள் ஒன்றைச் சொல்லலாம்: வேறுபாட்டை மறைக்காமலும், உறவை அறுக்காமலும் பேசிப்பார்த்த முன்னுதாரணம் எமது சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

ஆறுதல்களும் உள்ளன. 2006இல் இலங்கைத் திருச்சபையில் பெண்கள் முதன்முறையாகக் குருக்களாக அபிஷேகம் பெற்றார்கள். பிடியரிசிச் சட்டியை வைத்திருந்த கை, இன்று திருவிருந்துக் கிண்ணத்தையும் ஏந்துகிறது. 2025 ஒக்ரோபரில் கன்ரபெரியின் அடுத்த பேராயராக சேரா முலாலி அறிவிக்கப்பட்டார். அப்பதவிக்கு வரும் முதற்பெண். குருவாவதற்கு முன் அவர் தாதி. இங்கிலாந்தின் பிரதம தாதிய அதிகாரியாக இருந்தவர். இலங்கைத் திருச்சபைக்குத் தனி மாகாணம் இல்லாமையால், கன்ரபெரி பேராயரே அதன் தலைமைப் பேராயர். இந்தத் தெரிவை எமது மரபினர் சிலர் ஏற்கவில்லை என்பது உண்மை. ஆயினும், வார்ட்டில் இரவுக் கடமை செய்த ஒரு பெண்ணிடம் சுண்டுக்குளி ஆலயத்துக்கும் நல்லூர் ஆலயத்துக்குமான அந்தப் பொறுப்பு வந்து சேர்ந்திருப்பதை எண்ணி, எமது தாதிய சகோதரிகள் மகிழ்வதை எவரும் குறை சொல்லமாட்டார்கள்.

தூரத்திலிருந்து செய்யக்கூடியவை

வெளிநாட்டிலிருந்து வரும் உதவி பெரும்பாலும் கட்டடத்துக்கே போகிறது. கூரைக்கு ஓடு, மதிலுக்கு வர்ணம், பெயர் பொறித்த கல். இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒழுகும் கூரையின் கீழ் யாரும் நிம்மதியாகச் செபிக்க முடியாது. ஆனால் வரலாறு காட்டுவது வேறு. நைற்றின் அகராதியும், காட்டர் அம்மையாரின் ஒன்பது பிள்ளைகளும், தில்லையம்பலம் அம்மையாரின் ஆய்வுகூடமும், தென்மராட்சியில் தொடர்ந்த படிப்பும் ஆட்களில் வைத்த முதலீடு. ஓய்வுநாட் பாடசாலை நடத்தும் ஓர் இளம் பெண்ணின் போக்குவரத்துச் செலவு, முதியோர் வீடுகளுக்குப் போய்வரும் ஒருவரின் மாதக் கொடுப்பனவு, கிராமத்துப் பிள்ளை ஒருத்தியின் விடுதிச் செலவு ஆகியவற்றுக்குக் கல்லில் பெயர் பொறிக்க முடியாது. எமது சபைக்கு இவையே அதிகம் தேவை.

பணத்திலும் மேலானது ஒன்று உண்டு. ஆவணியில் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஊருக்கு வருவோர் பலர். அந்த நாட்களில் ஒரு ஞாயிறு காலை ஆராதனைக்குப் போய், பின்வாங்கில் அல்லாமல் முதியோர் பக்கத்தில் இருங்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்களைக் கேளுங்கள். கிறிஸ்தவரல்லாத சகோதரிகளும் வரலாம். உங்கள் ஆசிரியைகளில் ஒருவர் அங்கே இருக்கக்கூடும். எமது ஆலயங்களின் ஞானஸ்நானப் பதிவேடுகளும், திருமணப் பதிவேடுகளும், பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புகளும் போரில் தப்பியவரையில் எங்கே இருக்கின்றன என்று விசாரித்து, ஒளிப்படம் எடுத்து வைக்க இளையோருக்கு உதவுங்கள். கறையான் எமக்காகக் காத்திருக்காது.

இந்தச் சங்கத்தின் நூறு ஆண்டுகளையும் தாங்கியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத பெண்கள். கூட்ட அறிக்கையில் "சமுகமளித்தோர்" என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போனவர்கள். அவர்களுக்கு நன்றி கூறுகிறோம். நாளை காலை மணி அடிக்கும்போது, எமது பழைய மண்டபத்தில் ஏதோ ஒரு வகுப்புப் பிள்ளை எழுந்து முன்னே வந்து வேதாகமத்தைத் திறந்து வாசிப்பாள். அவள் குரல் முதலில் கொஞ்சம் நடுங்கும். அந்தப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருக்கும்வரை, சேர்ச்சுக்கு ஆட்கள் வருகிறார்களா என்று கேட்போருக்கு நாம் ஆம் என்றே சொல்லலாம்.